பழைய போர் டாங்கியைக் காப்பது எப்படி: அதன் கதையைப் படிப்பதிலிருந்து துருவை நிறுத்துவது வரை

1915-இல் பிரிட்டனில் இந்த வண்டியை ரகசியமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களிடம்கூட அது என்னவென்று சொல்ல முடியாத நிலை. தண்ணீர் சுமக்கும் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் டேங்கும் போர்க்களத்து டாங்கியும் இன்றுவரை ஒரே சொல்தான். வேடிக்கை என்னவென்றால், திறந்தவெளியில் முப்பது நாற்பது வருடம் கேட்பாரற்று நின்ற டாங்கியின் அடிக்கூட்டைத் திறந்து பார்த்தால் அந்தப் பொய் உண்மையாகியிருக்கும். உள்ளே முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நிற்கும். மேலே எண்ணெய்ப் படலம், அடியில் மக்கிய இலைச் சேறு.

ஒரு டாங்கியைக் காப்பாற்றுவது என்றால் முக்கால்வாசி வேலை இந்தத் தண்ணீரோடு நடக்கும் சண்டைதான். மீதிக் கால்வாசி, அவசரப்பட்டு பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் கையோடு நடக்கும் சண்டை. துரு இரும்பைத் தின்ன நாற்பது வருடம் எடுத்துக்கொள்ளும். வண்டியின் வரலாற்றை ஒரு மணல்வீச்சு இயந்திரம் ஒரே மதியத்தில் அழித்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்க எம்4 ஷெர்மனையே எடுத்துக்கொள்கிறேன். 1942 முதல் 1945 வரை 49,234 ஷெர்மன்கள் செய்யப்பட்டன. உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால், பழைய டாங்கி ஒன்று உங்கள் பொறுப்பில் வந்தால் அது ஷெர்மனாகவோ அதன் உறவாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். முறை எல்லா டாங்கிக்கும் ஒன்றுதான்.

எப்படித் தப்பியது என்று முதலில் கேளுங்கள்

டாங்கி முதன்முதலில் போரில் இறங்கியது 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் பகுதியில். அன்றைய மார்க் 1 வகையில் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெர்மனி முதல் உலகப் போரில் கட்டிய ஏ7வி டாங்கிகள் இருபது. அதிலும் மிச்சம் ஒன்றுதான்: மெஃபிஸ்டோ என்று பெயர் எழுதிய அந்த வண்டி 1918-இல் பிடிபட்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் போனது. குண்டுக்குத் தப்பி, உலகத்தின் மறுமூலைக்குக் கப்பலேறிப் போன அந்த வண்டிக்குள்ளும் 2011 பிரிஸ்பேன் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் விடாது.

போர் முடிந்ததும் டாங்கிகளுக்கு வழக்கமாகக் காத்திருந்தது உருக்காலை. அதிலிருந்து தப்பியவை நான்கைந்து வழிகளில்தான் தப்பின. எந்த வழியில் தப்பியது என்று தெரிந்தால் அதற்கு என்ன நோய் இருக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

சுடும் பயிற்சிக்கு இலக்காக நிறுத்தப்பட்டது என்றால் ஓட்டைகள் இருக்கும், உட்பொருட்கள் இருக்காது, வெடிக்காத குண்டு இருக்கலாம். முகாம் வாசலிலோ பூங்காவிலோ நினைவுச் சின்னமாக நின்றது என்றால் மூடிகளை வெல்டிங் செய்து அடைத்திருப்பார்கள். மேலே இருபது பூச்சு பெயிண்ட், உள்ளே குளம். காட்டில் மரம் இழுக்கவும் நிலம் திருத்தவும் போனது என்றால் பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு காணாமல் போயிருக்கும். இன்னொரு நாட்டு ராணுவத்துக்குப் போனது என்றால் இன்ஜினும் பீரங்கியும் மாறியிருக்கும். இஸ்ரேல் ஷெர்மனின் இன்ஜினை எடுத்துவிட்டு கம்மின்ஸ் டீசல் பொருத்தியது, வேறு பீரங்கியும் வைத்தது. அந்த மாற்றங்களும் வரலாறுதான். 1944-இன் தோற்றம் வேண்டும் என்று அவற்றையெல்லாம் பிய்த்தெறிவது, ஒருவருடைய எழுபது வயது வாழ்க்கையில் முதல் இரண்டு வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடுவது மாதிரி.

கடைசி வகை, நீரில் மூழ்கியது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2000 செப்டம்பரில் எஸ்தோனியாவின் குர்ட்னா மாட்டாஸ்யார்வ் ஏரியின் அடியிலிருந்து ஒரு சோவியத் டி-34 டாங்கியை புல்டோசர் வைத்து இழுத்தார்கள். அதன்மேல் ஜெர்மன் அடையாளங்கள் இருந்தன. பிடிபட்டு, கைமாறி, 1944-இல் ஏரிக்குள் போன வண்டி. 56 வருடம் தண்ணீருக்குள் கிடந்தும் துரு மிகக் குறைவு. காரணம், அந்த ஏரியின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. துருவுக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இதன் மறுபக்கம்தான் ஆபத்து. அப்படிப்பட்ட வண்டியை வெளியே எடுத்த நிமிடமே காற்று கிடைத்துவிடுகிறது. ஐம்பது வருடம் நடக்காதது சில வாரத்தில் நடக்கும். எடுக்கும் முன்பே கழுவவும் உலர்த்தவும் ஏற்பாடு கையில் இல்லையென்றால் எடுக்காமல் விடுவதே மேல்.

கடல் நீர் இன்னும் மோசம். உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் உள்ளிருந்து அரிக்கும். இங்கிலாந்தின் டார்கிராஸ் கடற்கரையோரம் ஒரு ஷெர்மன் நிற்கிறது. நார்மண்டி படையிறக்கத்துக்காக 1944 ஏப்ரலில் நடந்த ஒத்திகையின்போது மூழ்கி, 1984-இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்டது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பராமரிப்பு என்பது முடிவில்லாத வேலை.

படி 1: கை வைக்கும் முன்

வண்டி யாருடையது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வாங்குங்கள். போர்க்களத்தில் தோண்டி எடுத்ததென்றால் உள்ளே மனித எலும்புகள் இருக்கலாம். இருந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பீரங்கியையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் செயலிழக்கச் செய்யும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. இதில் நண்பர் சொன்னதை நம்பாதீர்கள்.

அப்புறம் உயிருக்கு ஆபத்தானவை. குண்டு வைக்கும் தட்டுகள், தரைத்தகட்டின் அடி, பீரங்கியின் பின்வாய் ஆகிய மூன்று இடத்தையும் வெடிகுண்டு நிபுணர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் உள்ளே இறங்க வேண்டாம். ஷெல் மாதிரி எதுவாவது கண்ணில் பட்டால் எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பின்வாங்கி, போலீசைக் கூப்பிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் மூன்று. ஒன்று, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். அதை கேஸ் வெட்டுக்கருவியால் சூடாக்கினால் வரும் புகை நேராக ரத்தத்துக்குப் போகும். இரண்டு, புகைக்குழாய் மேல் சுற்றிய துணி, பிரேக் லைனிங், கேஸ்கெட் எல்லாவற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். உலர்ந்த நிலையில் பிய்க்கவே கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். மூன்று, அளவுமானி முகப்புகளில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம். இப்போது ஒளிரவில்லையே என்று ஏமாற வேண்டாம். ஒளிரும் பொருள்தான் செத்துப் போயிருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 வருடம். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள், அந்த மானியை மூடிய பெட்டியில் சீட்டு ஒட்டித் தனியே வையுங்கள்.

மூடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டாங்கியின் ஒவ்வொரு மூடியும் பல கிலோ எடையுள்ள எஃகு. தாங்கும் கொக்கி துருப்பிடித்திருந்தால் அது எப்போது விழும் என்று அதற்கே தெரியாது. மரக்கட்டை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும்.

படி 2: படம் எடுங்கள், பிறகும் படம் எடுங்கள்

கழுவும் முன், செடி கொடி வெட்டும் முன், இருக்கிற நிலையிலேயே நாலு பக்கமும் மேலும் கீழும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் அந்த இடத்தை ஒரு படம். போல்ட்டுகளை ஒரே வாளியில் கொட்டுகிற ஆள் உங்கள் குழுவில் இருந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தனியாக உட்கார வையுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு, சீட்டில் எண், எண்ணுக்கு நோட்டில் ஒரு வரி. சலிப்பான வேலைதான். மூன்று வருடம் கழித்து அந்த ஒரு பையைத் தேடும்போது இந்தச் சலிப்பின் விலை தெரியும்.

உள்ளே கிடக்கும் குப்பையையும் அள்ளி வீசாதீர்கள். சேற்றைச் சல்லடையில் அரித்துப் பாருங்கள். ஒரு பொத்தான், சாவி, உடைந்த கண்ணாடி, பெயர் கீறிய கரண்டி என்று எதுவும் அதில் கிடைக்கலாம்.

படி 3: வண்டியைப் படிப்பது

எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான். டாங்கி தன் கதையைத் தன் தோலிலேயே எழுதி வைத்திருக்கும்.

ஷெர்மனில் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் பின்பக்கம் இழுவைக் கயிறு மாட்டும் எஃகு காதுகள். அங்கே வரிசை எண் குத்தப்பட்டிருக்கும். பல பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும் என்பதால் கம்பி பிரஷ் வேண்டாம். பெயிண்ட் நீக்கும் பசையைப் பூசி, ஊறவிட்டு, மரக்குச்சியால் வழித்தெடுங்கள். எண் தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு மெல்லிய தாளை வைத்து மேலே பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். சின்ன வயதில் நாணயத்துக்குச் செய்த அதே வித்தை. விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தாலும் எழுத்து எழும்பித் தெரியும்.

அடுத்து வார்ப்பு அடையாளங்கள். மேல்கூண்டும், எம்4ஏ1 வகையில் உடலின் மேற்பகுதி முழுவதும், வார்ப்பு எஃகு. வார்த்த பட்டறையின் முத்திரையும் எண்ணும் புடைத்து நிற்கும். உடலைச் செய்த பட்டறை வேறு, மேல்கூண்டை வார்த்த பட்டறை வேறு என்பது இயல்பு. ஆனால் உடல் 1942-இன் தொடக்கத்தையும் மேல்கூண்டு 1944-ஐயும் காட்டினால், நடுவில் எங்கோ ஒரு பழுதுபார்ப்புப் பட்டறையில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, இன்ஜின் அறை. ஷெர்மனின் வகையைச் சொல்வது அதுதான். எம்4-இலும் எம்4ஏ1-இலும் விமானங்களில் இருப்பது போன்ற ஒன்பது சிலிண்டர் வட்ட இன்ஜின். எம்4ஏ2-இல் இரட்டை டீசல். எம்4ஏ3-இல் ஃபோர்டின் வி8. எம்4ஏ4-இல் கிரைஸ்லர் செய்த விநோதம் ஒன்று இருக்கிறது: ஐந்து கார் இன்ஜின்களை ஒரே கூட்டில் கோத்து, மொத்தம் 30 சிலிண்டர். அது நுழைய வேண்டுமென்று வண்டியையே நீளமாக்கினார்கள். அதனால் மற்ற பெரும்பாலான ஷெர்மன்களில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் ட்ராக் பட்டையில் ஒரு பக்கத்துக்கு 79 கண்ணிகள் இருக்க, இதில் 83. இன்ஜின் இல்லாத வெறும் கூடு கிடைத்தால்கூட ட்ராக் கண்ணிகளை எண்ணிப் பார்த்தே ஒரு முடிவுக்கு வரலாம்.

நான்காவது, பெயிண்ட். ஒரு சின்ன இடத்தில், நகத்தளவு போதும், மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேயுங்கள். நடுவில் ஆழமாகவும் விளிம்பில் மேலாகவும் தேய்த்தால் மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் ஒவ்வொரு வளையமாகத் தெரியும். நடுவில் எஃகு, அடுத்து செம்பழுப்பு பிரைமர், அதன்மேல் மங்கிய ஆலிவ் பச்சை, பிறகு இன்னொரு நாட்டின் மணல் நிறம், மேலே பூங்கா நிர்வாகம் அடித்த பளபளப்புப் பச்சை. இதைப் பகல் வெளிச்சத்தில், நிற அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பெயர்ப்பலகைக்கு அடியில், பெட்டி மூடியின் உட்புறத்தில், விளக்குத் தாங்கிக்குப் பின்னால் என்று வெயில் படாத இடங்களில் பழைய நிறம் அப்படியே இருக்கும். மேல்கூண்டின் இரு பக்கமும், உடலின் பக்கவாட்டிலும் மெதுவாக இறங்கினால் பதிவு எண்ணோ, படைப்பிரிவின் சின்னமோ, ஓட்டியவர்கள் வைத்த பெயரோ கிடைக்கலாம். அது கிடைத்தால் ராணுவ ஆவணக் காப்பகங்களிலும் பழைய போர்க்களப் படங்களிலும் தேட ஒரு நுனி கையில் இருக்கும்.

படி 4: என்ன செய்யப் போகிறோம்?

மூன்று வழி இருக்கிறது. இருப்பதை இருக்கிறபடியே நிலைநிறுத்துவது. வெளித்தோற்றத்தை மீட்டு நிறுத்தி வைப்பது. ஓட வைப்பது.

முதல் வழிக்கு நல்ல உதாரணம் டெபோரா என்ற பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கி. 1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரே போரில் ஃப்ளெஸ்கியர் கிராமத்தில் ஷெல்லடிபட்டு நின்றது. உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் செத்துப்போனார்கள். பிறகு அது மண்ணில் புதைந்து, 1998-இல் தோண்டி எடுக்கப்பட்டது. ஷெல் கிழித்த முன்பக்கத்தை யாரும் தட்டிச் சரிசெய்யவில்லை. அந்தக் கிழிசலோடு 2017-இல் அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். புதுத் தகடு வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அது இன்னொரு மார்க் 4 ஆகியிருக்கும், டெபோராவாக இருந்திருக்காது.

மூன்றாவது வழிக்கு உதாரணம் போவிங்டனின் டைகர் 131. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டாங்கி. மேல்கூண்டு சுழலும் இடுக்கில் ஒரு குண்டு பட்டு அது சிக்கிக்கொள்ள, உள்ளே இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். டைகர் 1 மொத்தமே சுமார் 1,350-தான் செய்யப்பட்டது. ஓடும் நிலையில் இருப்பது இது ஒன்றுதான். ஆனால் வருடத்தில் ஓரிரு நாள் மட்டுமே ஓட்டுகிறார்கள். ஏனென்றால் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பழைய உலோகம் தேய்கிறது. தேய்ந்ததற்கு மாற்று கிடையாது.

என் கருத்து: ஆயிரக்கணக்கில் மிஞ்சிய வகை, அதில் உங்கள் வண்டிக்குத் தனிக்கதை எதுவும் கிடைக்கவில்லை, உதிரிபாகமும் கிடைக்கிறது என்றால் தாராளமாக ஓட வையுங்கள். ஒற்றை இலக்கத்தில் மிஞ்சிய வகை என்றாலோ, போர்க்களத்துக் காயத்தோடு வந்தது என்றாலோ சாவியைத் தூக்கிப் பெட்டியில் போடுங்கள். எந்த வழியானாலும் முடிவை எழுதி, காரணத்தையும் எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாதி வேலையில் ஒருவர் மனசு மாறுவதால் பாழான வண்டிகள் நிறைய.

படி 5: தண்ணீரை இறக்குவது

அடிக்கூட்டின் தரைத்தகட்டில் வடிகால் மூடிகள் இருக்கும். சுற்றிலும் துரு பிடித்து, தகட்டோடு தகடாகிப் போயிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள், மறுபடி விடுங்கள். நீளக் குழாய் மாட்டி ஒரேயடியாக நெம்பினால் மூடியின் தலைதான் கையோடு வரும். கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் தளர்த்தும் பக்கம் என்று மாற்றி மாற்றி அசைத்தால் ஒரு கட்டத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். முதலில் ஒன்றும் வராது. சேறு அடைத்திருக்கும். கீழிருந்து ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் குபுகுபுவென்று கொட்ட ஆரம்பிக்கும், டீசலும் அழுகிய இலையும் கலந்த நாற்றத்தோடு. கீழே தொட்டி வைத்துப் பிடியுங்கள். அதில் எண்ணெய் இருக்கிறது, மண்ணில் விடக் கூடாது. நேர் கீழே படுத்துக்கொண்டு திறக்கிறவர் அன்று வீட்டுக்குள் நுழைய முடியாது.

வடிந்ததும் அந்த மூடிகளைத் திரும்பப் போடாதீர்கள். பூச்சியும் எலியும் நுழையாதபடி வலை வைத்துத் திறந்தே விடுங்கள். வெல்டிங் செய்து அடைத்த மேல்மூடிகளையும் கவனமாக அறுத்துத் திறக்க வேண்டும். குழந்தைகள் ஏறி விழாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அடைத்ததுதான் அது. ஆனால் காற்றோட்டம் நின்றுபோய், இரவுக் குளிரில் உட்புறம் வியர்த்து, அந்த வியர்வை வடிய வழியில்லாமல் கூடு உள்ளிருந்து அழுகுகிறது. பாதுகாப்புக்கு உள்பூட்டு வையுங்கள்.

மழை நுழையும் வழிகளையும் தேடுங்கள். பார்வைக் கண்ணாடி கழன்ற துளைகள், காற்றுப்போக்கியின் மூடி, மேல்கூண்டு உட்காரும் வளையம், இன்ஜின் தட்டியின் கம்பிகள். பீரங்கிக் குழாய் வானத்தைப் பார்த்து நின்றால் அதுவும் ஒரு மழைக்குழாய். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயை அடைத்து, அடைப்பின் அடியில் சின்னதாக ஒரு துளை விடுங்கள்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவது. தார்ப்பாய் மழையைத் தடுக்கும், நியாயம்தான்; தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து ஆவியில் அவிக்கவும் செய்யும். பக்கம் திறந்த கொட்டகை, அது தகரமாக இருந்தாலும் சரி, தார்ப்பாயைவிடப் பத்து மடங்கு மேல்.

படி 6: தூக்குவதும் நகர்த்துவதும்

ஷெர்மன் சுமார் 30 டன். டைகர் கிட்டத்தட்ட 57. இந்த எடைக்கு உரிய இழுவை வண்டியும் ஆட்களும் இல்லாமல் நகர்த்தக் கூடாது. இறுகிய சக்கரங்களை எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். இறுகிய வண்டியைச் சங்கிலி கட்டி வெடுக்கென்று இழுப்பது கொலைக்குச் சமம்: எஃகுக் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பும். கயிற்றின் நீளத்துக்கு உட்பட்ட வட்டத்தில் ஒருவர்கூட நிற்கக் கூடாது. மெதுவாக, சீராக, கைச்சைகை காட்ட ஒரே ஒருவர்.

நிறுத்தப்போகும் இடம் புல்தரையாக இருக்க வேண்டாம். புல் ஈரத்தைப் பிடித்து வைத்து அடித்தகட்டை அரிக்கும். கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர் ஓடும்படி கொஞ்சம் சரிவு வைத்து, உடலுக்கு அடியில் எஃகுத் தாங்கிகள் கொடுத்து எடையைச் சக்கரங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். ரப்பர் ஓரம் கட்டிய சக்கரம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் எடையோடு நின்றால் தட்டையாகி, வெடித்து, பிய்ந்துவிடும்.

படி 7: துருவும் பூச்சும்

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு புகுந்தால் தகடுகளையே பிதுக்கிப் பிரித்துவிடுகிறது. ஆனால் எல்லாத் துருவும் அவசரமில்லை. ஐம்பது மில்லிமீட்டர் கவச எஃகின் மேல் படிந்த மெல்லிய பழுப்பு வெறும் தோல் நோய். மட்கார்டு, கருவிப் பெட்டி, காற்று வடிகட்டியின் கூடு மாதிரி மெல்லிய தகடுகள்தான் முதலில் போகும். உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

முரட்டு மணலை வேகமாக வீசும் முறை கவசத்துக்குத் தாங்கும் என்பார்கள். தாங்கும்தான். கூடவே வார்ப்பு எண்ணின் கூர்மை போகும், வெல்டிங் செய்தவருடைய கைத்தடம் போகும், மெல்லிய தகடு வளையும், படி 3-இல் தேடிய பெயிண்ட் படலம் தூசியாகப் பறக்கும், ஈயத்தோடு. ஓட வைக்கப்போகும் வண்டி, அடையாளங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன என்றால் மென்மையான தூள் கொண்டு, சுற்றிலும் மறைப்புக் கட்டிச் செய்யலாம். மற்றதற்குக் கை பிரஷ், சுரண்டி, பொறுமை. பிறகு டானிக் அமிலம் கலந்த கரைசல் பூசினால் மீதித் துரு கறுத்து உறுதியான படலமாக மாறும், அதன்மேல் பிரைமர். பூச்சே வேண்டாம், இருக்கிறபடி காட்ட வேண்டும் என்றால் மெழுகு. நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தேய்த்துவிட்டால் தண்ணீர் ஒட்டாது. வேண்டாம் என்றால் பின்னாளில் கரைத்து எடுத்துவிடலாம். எதைச் செய்தாலும் திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

புதுப் பூச்சு அடிக்கும்போது, கண்ணில் படாத ஓரிடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழைய பெயிண்டைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதுதான் சாட்சி. புதிதாகச் செய்து பொருத்திய ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் வருடத்தைக் குத்திவையுங்கள்.

தோல் இருக்கை, கான்வாஸ், ரப்பர் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் போட்டு மினுக்காதீர்கள், கழற்றி நிழலில் உலர்ந்த இடத்தில் வையுங்கள், வண்டியில் நகலைப் போடுங்கள்.

படி 8: இன்ஜின்

ஓட வைக்காவிட்டாலும் இறுகாமல் வைத்திருப்பது நல்லது. ஓட வைப்பதென்றால் ஷெர்மனின் வட்ட இன்ஜின் ஒரு பொறி வைத்திருக்கிறது. ஒன்பது சிலிண்டரில் சில தலைகீழாகத் தொங்குகின்றன. வண்டி நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் பிஸ்டன் வந்து எண்ணெயில் முட்டும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. வளைவது பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராட்தான். அதனால்தான் ராணுவத்தில் ஓட்டுநர்கள், கொஞ்ச நேரம் நின்ற வண்டியைக்கூட, பின்கதவைத் திறந்து கைப்பிடியைச் செருகிச் சுற்றிவிட்டுத்தான் கிளப்புவார்கள். சுற்றும்போது கையில் அழுத்தம் தெரிந்தால் பலம் காட்டாமல் நிறுத்துங்கள். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். எண்ணெய் ஒழுகட்டும். ஒழுகி முடிந்ததும் மறுபடி சுற்றுங்கள்.

பல வருடம் நின்ற இன்ஜினுக்கு, அதற்கும் முன்பாக எல்லா பிளக்கையும் எடுத்து, சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். சின்ன கேமராவை உள்ளே விட்டுச் சுவரில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்ரோல் பிசினாகிக் குழாய்களை அடைத்திருக்கும். முதல் முறை கிளப்பும்போது வண்டியின் தொட்டியை நம்பாமல் வெளியே ஒரு சின்ன கேனிலிருந்து எரிபொருள் கொடுங்கள். எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை பிளக் இல்லாமலே சுழற்றுங்கள். தீயணைப்பானோடு இரண்டு பேர், இன்ஜினைப் பார்த்தபடி. கொட்டகைக்குள் கிளப்பவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படி 9: அப்புறம் தினமும்

உள்ளே வைக்க இடம் கிடைத்தால் சூடாக்கும் இயந்திரத்தைவிட ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரத்துக்குப் பணம் செலவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிலையாக இருந்தால் துரு கிட்டத்தட்டத் தூங்கிவிடும். வெளியேதான் நிற்க வேண்டும் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் அடியில் குனிந்து வடிகால் துளைகளைப் பாருங்கள். சொட்டிக்கொண்டிருந்தால் நல்லது, வழி திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே தண்ணீர் வந்திருக்கிறது, எங்கிருந்து என்று தேட வேண்டும். மழை கொட்டியும் உலர்ந்திருந்தால் மூடி ஒழுங்காக வேலை செய்கிறதா, இல்லை இலை அடைத்துக்கொண்டு உள்ளே மறுபடி குளம் கட்டுகிறதா என்று மேலே ஏறி எட்டிப் பாருங்கள். கம்பியை விட்டு ஒரு குத்து. தேதி, மழை, எந்தத் துளை, எவ்வளவு என்று நோட்டில் ஒரு வரி.